சனிக்கிழமை நீக்கின பேரு

குடுக்கறனுங்க தம்பி, குடுக்காம நான் இதைய வெச்சு என்ன பண்ணப் போறேன். சித்த இருங்க, அந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் சத்தம் போடும், ஆனா காத்து வரும். கோயமுத்தூர்ல இருந்து பைக்லயேவா வந்தீங்க, இந்த வெயில்ல? அப்ப மொதல்ல தண்ணி குடிங்க. புள்ளைக குடிக்கற தண்ணிதானுங்க, நல்ல தண்ணி.

இல்லீங்க, ஒளிச்செல்லாம் வெக்கல. மேனேஜர் அப்படிச் சொன்னாருங்களா? பீரோவுல வெச்சுப் பூட்டினது நெசந்தான். சாவி என்ற இடுப்புலதான் இருக்குது. போலீஸ்காரங்க வந்த அன்னைக்கு, இதைய ஆரும் நோண்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பறம் ஆபீஸ்ல இருந்து வேற டேப், அதான் சிலேட்டாட்ட இருக்கற பெரிய போனு, குடுத்துப்போட்டாங்க, இப்பக் கேட்டு அதுலதான் ஓடுது. இது பத்தொம்போது நாளா பீரோவுலயே சார்ஜ் எறங்கிக் கெடக்குது. அந்தப் புள்ள சித்ராதேவி செத்தும் பத்தொம்போது நாளாச்சுங்க.

ஏனுங் தம்பி, உங்க ஒயர மாட்டினா எந்த நேரத்துல எந்தப் பட்டன அமுக்குனதுன்னு அல்லாமே தெரிஞ்சு போயிருமுங்களா? செகண்டு வரைக்குமா. நல்லதுங்க. அப்ப நீங்க மாட்டறதுக்கு முன்னால நான் சொல்லிப்போடறேன். மெசினு சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கும், நானே சொல்லித் தெரிஞ்சுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்க. பத்து நிமிசம். டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரி.

என்ற பேரு வேலாத்தாளுங்க. ஊரு குண்டடத்துப் பக்கம். இந்தப் பனியன் கம்பெனி ஆஸ்டல் கேட்டுல ஒம்போது வருசமாச்சு. இங்க இருநூத்திச் சில்ற புள்ளைக இருக்குதுக, முக்கால்வாசி தெக்கத்திப் புள்ளைக. காலைல வேன்ல ஏத்தி உடறதும் நாந்தான், சாயங்காலம் எண்ணி எறக்கறதும் நாந்தான். என்னையக் கேக்காம ஒரு காக்கா வந்து செவுத்து மேல உக்காராதுன்னு பேசுவாங்க. புள்ளைக எனக்குப் பட்டப்பேரே வெச்சிருக்குதுக, பூட்டக்கான்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க, பெருமையாத்தான் இருந்துச்சு.

மொத வந்து நோட்டுத்தானுங்க. வர்றவிய பேரு, என்ன ஒறவு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒருக்கா ஒருத்தன் சித்தப்பன்னு எழுதிப்போட்டு ஒரு புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டான். சித்தப்பனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் புள்ள நல்லபடியா ரெண்டு நாள்ல வந்துருச்சு, அது வேற. மேனேஜர் என்னைய நிக்க வெச்சுக் கேட்டாரு, வேலாத்தா, மூஞ்சியப் பாத்து நம்பி உடறதுக்கு நீ எதுக்கு, ஒரு நாயக் கட்டிப்போட்டாப் போதாதான்னு. வயசுல என்னையவிடச் சின்னவரு. வாங்கிக்கிட்டேன். அதுக்கப்பறந்தான் இந்த டேப் வந்துச்சு. இனிமே ஆரு வாயையும் நம்பாதே, டேப் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம்னாங்க. ஒம்போது வருசத்துல என்ற மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்ன பேச்சு அது ஒண்ணுதானுங்க.

உங்களுக்குத் தெரியாததா, உங்க கம்பெனி செஞ்சதுதானே. இருந்தாலும் நான் எப்படிப் பொழங்கினேன்னு நீங்க தெரிஞ்சுக்கோணுமில்ல. புள்ளைக சேரையில ஊட்டுக்காரங்க மூணு பேரு குடுப்பாங்க, போட்டோவோட. அப்பன், அம்மா, அண்ணன், இப்படி. அந்த மூணு பேருக்கு மட்டுந்தான் கேட்டுல பச்சை வரும். மத்த ஆரு வந்து பேர் சொன்னாலும், இல்லைன்னு செவப்பாக் காட்டும். செவப்புன்னா அப்படியே திருப்பி அனுப்பிரோணும், புள்ளைய மைக்ல கூப்பிடவே கூடாது. இங்க அப்படி ஒரு புள்ள இருக்குதுன்னுகூடச் சொல்லப்படாது. நல்ல ஏற்பாடுதானுங்க, நான் குத்தம் சொல்லல. பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் அல்லாப் புள்ளைக கதையும் இருக்குது, இதுல எங்க ஆஸ்டல் புள்ளைகளுது மட்டும் எறங்கும். என்ற பெருவிரல் வெச்சாத்தான் தெறக்கும். தொலைஞ்சு போனா அங்கிருந்தே அழிச்சுப்போடலாமாம். பொம்பளப் புள்ளைக போட்டோவும் ஊரு பேரும் இருக்கறதுங்க, கண்டவன் கைக்குப் போகக் கூடாதில்ல.

போன வருசம் வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வந்து, பதினெட்டு வயசான புள்ளைக, குடுத்த மூணு பேர்ல ஆரு வேண்டாம்னாலும் அதுகளே நீக்கிக்கலாம்னு ஒரு ரூல் போட வெச்சாங்க. ஆபீஸ்ல கீதாஞ்சலின்னு ஒரு புள்ள, அதுகிட்டப் போயிச் சொன்னாப் போதும், கம்ப்யூட்டர்ல எடுத்துரும். எடுத்தது இங்க எப்படி வரும்? அதுதான் சிங்க்கு.

அந்தச் சிங்க்கு இருக்குது பாருங்க, அது என்னைய நாய் படாத பாடு படுத்துமுங்க தம்பி. இந்தக் கேட்டு ரூம்ல டவர் கெடைக்காது. மேல தகரம், பின்னால குடோன். அந்த எதுத்தாப்புல பேக்கரி தெரியுதில்ல, அதும் வாசல்ல நின்னாத்தான் ரெண்டு மூணு கட்டை நிக்கும். பழைய லிஸ்ட்ட முழுசா அழிச்சுப்போட்டுத்தான் புதுச எறக்கும், அதுவரைக்கும் ஆரு பேரும் காட்டாது. பேக்கரில நின்னா இருவது நிமிசம். ஒருக்கா நான் புத்தி கெட்டுப் போயி இங்கியே, கேட்டுலயே அமுக்கிப்போட்டேன். பாதியில நின்னுபோச்சு. பழசும் இல்ல, புதுசும் இல்ல. காலைல ஒம்போதுல இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் பாஸ் போட முடியல. ஒரு புள்ளைக்கு அப்பன் சாவு, கூட்டிட்டுப் போக மாமன் வந்து நின்னாரு. உட முடியல. அது போயிச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். அந்தப் புள்ள அழுததப் பாத்து எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. அதுல இருந்து தினமும் காலைல வேன் அல்லாம் போனதுக்கப்பறம், டேப்பத் துணிப்பையில போட்டு எடுத்துட்டுப் போயி, பேக்கரி பெஞ்சுல உக்காந்து சிங்க் பண்ணிட்டு வருவேன். கேட்டுல இருக்கையில அமுக்கவே மாட்டேன். ஆரும் சொல்லிக் குடுத்ததில்லீங்க. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

ஞாயித்துக்கெழமையா? அன்னைக்கு வேன் இல்லீங்களே. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கே ஊட்டுக்காரங்க வந்து நின்னுருவாங்க, கேட்ட உட்டு எப்படிப் போறது. கூட்டம் அல்லாம் போனப்பறம் மூணு மணிக்குப் போவேன். ஆமாங்க, சனிக்கெழம காலைல சிங்க் பண்ணினா அடுத்தது ஞாயித்துக்கெழம மூணு மணி. மூணு நாள் வரைக்கும் சிங்க் பண்ணாட்டியும் பழைய லிஸ்ட்டு செல்லும், அதுக்கு மேல போனாத்தான் தானாப் பூட்டிக்கும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அந்த மூணு நாளு கணக்க ஆருங்க போட்டது? ஆரோ உக்காந்து ரோசிச்சுத்தானே வெச்சிருப்பாங்க, மூணு நாள்ல என்ன ஆயிரப் போவுதுன்னு. நீங்க அப்ப இந்தக் கம்பெனியிலயே இல்லீங்களா. சரி உடுங்க, உங்களக் கேக்கல. சும்மா நாக்கு வரைக்கும் வந்துச்சு, கேட்டுப்போட்டேன்.

சித்ராதேவிக்கு ஊரு கோவில்பட்டிக்குத் தெக்க. இங்க வந்து மூணு வருசம். செக்கிங்ல வேலை, பனியன்ல ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாக்கறது. கண்ணு அவ்வளவு கூர்மை. அவ பேச்சே ஒரு மாதிரி இழுவையா இருக்குமுங்க. யக்கா, சாப்ட்டியளாக்கான்னு வேன்ல இருந்து எறங்கையிலயே கேப்பா. இருநூறு புள்ளைல என்னையச் சாப்ட்டியளான்னு கேட்டது அவ ஒருத்திதான். நான் வேணும்னே, இல்ல, நீ வந்து ஊட்டி உடுவேன்னு காத்துட்டு இருக்கேம்பேன். சிரிப்பா. பல்லு வரிசை நல்லா இருக்கும் அவளுக்கு.

அவிய அப்பா சின்னதுலயே செத்துப்போயிட்டாரு. அண்ணன் முனீஸ்தான் வளத்தது. லோடு ஏத்தற வேலைக்குப் போயி, இவளப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சவன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவான். வந்தா எனக்கு ஒரு பொட்டணம் கடலை மிட்டாய் கொண்டாந்து குடுப்பான், இந்தாங்க ஆச்சின்னு. கை கட்டித்தான் பேசுவான். நான் என்ன பொய்யா சொல்றேன், நல்ல பையன்னுதான் நெனச்சேன். இப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேஸ் நடக்குது. ஆரு என்ன பண்ணினாங்கன்னு அவிய ஊட்டுச் செவுத்துக்குத்தான் தெரியும்.

கட்டிங்ல ஆரோக்கியராஜ்னு ஒரு பையன். அவனும் தெக்கத்திக்காரந்தான், ஆனா வேற சாதி, கோயிலும் வேற. ரெண்டு பேருக்கும் பழக்கம். எனக்குத் தெரியும். கேட்டுல நிக்கறவளுக்குத் தெரியாம என்ன நடக்கும். தப்பாவெல்லாம் இல்லீங்க, வேன் வர்ற நேரத்துக்கு அந்தப் பேக்கரில ஒரு டீயக் கையில வெச்சுட்டு நிப்பான், இவ எறங்கி உள்ள போற வரைக்கும் பாப்பான், போயிருவான். அவ்வளவுதான் அவிய காதலே. கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. அது எப்படியோ ஊருக்குப் போயிச் சேந்திருச்சு.

இப்பச் சனிக்கெழமைக்கு வர்றேன். ஷிப்ட்டு முடிஞ்சு சாயங்காலம் அஞ்சே காலுக்கு அந்தப் புள்ள கீதாஞ்சலிகிட்டப் போயிருக்குது. எங்கண்ணன் பேர நீக்கிருங்கன்னு. நீக்கிருங்கன்னு சொல்லிப்போட்டு ஒரு மணி நேரம் டேபிளுக்கு முன்னாலயே நின்னுட்டு அழுதுச்சாம். கீதாஞ்சலி எங்கிட்ட அடுத்த வாரம் வந்து சொன்னா. என்ன சொல்லுச்சாம் தெரியுங்களா, யக்கா, அவன் எனக்கு அப்பா மாதிரி. நேர்ல வந்து வான்னு கூப்பிட்டா எனக்கு மாட்டேன்னு வாய் வராது. கேட்டுலயே இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சிட்டா அவன் மெசினத் திட்டிட்டுப் போயிருவான். நானும் அவன் மூஞ்சியப் பாக்க வேண்டாம், அவனும் என் வாயால கேக்க வேண்டாம்னு.

எனக்குப் புரியுதுங்க தம்பி. உங்களுக்குப் புரியுதான்னு தெரியல, நீங்க ஆம்பள. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கறான். எங்கப்பன் செத்தப்ப, கையெழுத்துப் போடு அம்முணின்னு ஒரு பேப்பர நீட்டினான். என்ன எழுதியிருக்குதுன்னுகூடக் கேக்கல, போட்டேன். இன்னைக்கு வந்து இன்னொன்ன நீட்டினாலும் போடுவேன். ஊர்ல அத்தனை பேரையும் வாய்ல போட்டு மெல்லறவ நான். கூடப் பொறந்தவன் முன்னால நின்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அதுக்குத்தான் அந்தப் புள்ள மெசினப் போயிப் புடிச்சிருக்குது.

கீதாஞ்சலி அன்னைக்கே நீக்கிட்டா. அனுப்பற பட்டனையும் அமுக்கிட்டா. அமுக்கவே இல்லைன்னு மேனேஜர் சொல்றாரு. நீக்கினே, ஆனா கேட்டுக்கு அனுப்பல, அதுதான் இத்தனைக்கும் காரணம்னு அவளை வேலைக்கு வராதேன்னுட்டாங்க. போலீஸ்காரங்களும் ரெண்டு தடவை கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அவளுக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருந்தாங்க, மாப்ள ஊட்டுக்காரங்க இப்ப வாயத் தெறக்க மாட்டீங்கறாங்களாம். அதையப் பாக்கத்தானே நீங்க வந்திருக்கீங்க? அவ அனுப்பினது இங்க வந்துச்சா இல்லையான்னு.

வந்துச்சுங்க.

ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கு வந்துச்சு. கேட்டுல டவர் கெடைக்காதுன்னேனில்ல, ஆனா எப்பவாச்சும் ஒரு கட்டை வந்துட்டுப் போகும். மேல மஞ்சளா ஒரு பட்டை எறங்குச்சு. புது லிஸ்ட்டு வந்திருக்குது, இப்ப எறக்கறதா அப்பறமான்னு. கீழ ரெண்டு பட்டன். நான் அப்பறம்ங்கறதைய அமுக்கினேன். பத்தேகாலுக்கு மறுக்கா வந்துச்சு, அப்பறம்னேன். பதினொண்ணே முக்காலுக்கு ஒருக்கா. அப்பவும் அப்பறந்தான். உங்க ஒயர்ல மூணும் இருக்கும் பாருங்க. நேரம் சித்த முன்னப் பின்ன இருக்கலாம்.

ஏனுங் தம்பி, அன்னைக்குக் கூட்டத்தைய நீங்க பாக்கோணும். அவிய ஊர்ப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா சீசனுங்க. நாப்பது அம்பது ஊட்டுக்காரங்க. ராத்திரி முச்சூடும் பஸ்ல நின்னுட்டே வந்தவிய. ஒரு பெரியவரு மயக்கம் வர்ற மாதிரி இருக்குதுன்னு அந்தத் தூணப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு. கைக்கொழந்தைய வெச்சுட்டு ஒரு அம்மா வெயில்ல நிக்குது. சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்பிப் போகோணும் அவியளுக்கு. நான் இப்பன்னு அமுக்கி, அது பாதியில நின்னுபோச்சுன்னா? அப்பன் சாவுக்குப் போக முடியாம அழுதுச்சே ஒரு புள்ள, அந்த மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்துச்சு. சனங்க நல்லா இருக்கோணும்னு நெனச்சுத்தானுங்க அமுக்கினேன். இதைய நான் சமாதானத்துக்குச் சொல்லல.

முனீஸு பன்னெண்டுக்கு வந்தான். அன்னைக்கும் கடலை மிட்டாய் இருந்துச்சு. பேரத் தட்டினேன், அவன் போட்டோ வந்துச்சு, பச்சை. மைக்ல கூப்பிட்டேன். செக்கிங் சித்ராதேவி, உன்ற ஊட்டுல இருந்து வந்திருக்காங்க, சீக்கிரம் வா கண்ணுன்னு. கண்ணுன்னு வேற மைக்ல கூப்பிட்டனுங்க.

தலைக்குக் குளிச்சுட்டு ஈரத் தலையோட எறங்கி வந்தா. அம்மான்னு நெனச்சு ஓடி வந்திருப்பாளாட்ட இருக்குது. ஊட்டுக்காரங்க உக்கார்ற அந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள அவனப் பாத்ததும் நின்னுபோயிட்டா. நான் பாத்தேன், ஆனா கூட்டத்துல மனசுல வாங்கல. அவன் என்னமோ சொல்லி அழுதான். அம்மைக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரில வெச்சிருக்கோம், உன்னையக் கேட்டுக்கிட்டே கெடக்குன்னு. எனக்கே காதுல உழுந்துச்சு. அம்மா நல்லாத்தான் இருந்துச்சுன்னு பொறவுதான் தெரிஞ்சுது. அவ மேல போயி ஒரு பையில துணி எடுத்து வெச்சுட்டு வந்தா.

மூணு மணிக்குக் கூட்டம் அல்லாம் போனப்பறம் பேக்கரிக்குப் போயிச் சிங்க் பண்ணினேன். புதுசா மாறினதெல்லாம் மேல வந்து நிக்கும், ஒவ்வொண்ணாப் பாப்பேன், அது என்ற பழக்கம். மொதப் பேரே அவளுதுதான். அண்ணன் போட்டோ மேல செவப்புக் கோடு. சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு இருவதுன்னு நேரம் போட்டிருந்துச்சு. அங்கிருந்தே அவ போனுக்கு அடிச்சேன், சுச்சாப். மேனேஜருக்கு அடிச்சு, இப்படி முனீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டான், அவன் பேரு இப்பச் செவப்பாக் கெடக்குதுங்கன்னேன். கூடப் பொறந்தவங்கூடத்தானே போயிருக்குது, திங்கக்கெழம பாத்துக்கலாம், இதையப் பெருசு பண்ணாதேன்னாரு. திங்கக்கெழமையும் போன் எடுக்கல. செவ்வாக்கெழம மத்தியானம் சேதி வந்துச்சு. அந்தப் புள்ள பூச்சி மருந்தக் குடிச்சுருச்சுன்னு. சாயங்காலத்துக்குள்ளயே எரிச்சும்போட்டாங்களாம். ஆரோக்கியராஜு அன்னைக்கு ராத்திரியே ஸ்டேசன்ல போயி எழுதிக் குடுத்த பொறவுதான் கேஸே ஆச்சு.

மேனேஜர் அன்னைக்கே கேட்டாரு, வேலாத்தா, காலைல இருந்து புது லிஸ்ட்டுன்னு ஏதாச்சும் காட்டுச்சான்னு. போலீஸ்காரங்க ரெண்டு பேரு பக்கத்துல நின்னாங்க. இல்லீங்க, ஒண்ணும் வரலீங்கன்னு சொல்லிப்போட்டேன். பொய்தான். பயமுங்க தம்பி, வேற என்ன. அந்த ஒரு வார்த்தைதான் கீதாஞ்சலி தலைல போயி உழுந்துருச்சு. அவ அழுதுட்டே எங்கிட்ட வந்து, அக்கா நான் சத்தியமா அனுப்பிச்சேங்கறா. நான் அவ முதுகத் தடவிக் குடுத்துட்டு நின்னேன். நீ அனுப்பிச்சே, எனக்கு வந்துச்சுன்னு சொல்ல வாய் வரல. பாவி, ஒண்ணுக்கு ரெண்டு புள்ளைகளக் கெடுத்தேன்.

இல்லீங்க, அழுகல. தூசி.

அந்தப் பையன் ஆரோக்கியராஜு இன்னும் வந்து நிக்கறான். சாயங்காலம் வேன் வர்ற நேரத்துக்கு, அதே எடத்துல. அல்லாப் புள்ளைகளும் எறங்கி முடியற வரைக்கும் பாத்துட்டு நிப்பான், அப்பறம் போயிருவான். ஒரு நாளு நானே ரோட்டத் தாண்டிப் போயி அவன் முன்னால நின்னேன். ரெண்டு அறை அறைஞ்சாலும் வாங்கிக்கலாம்னு. நல்லா இருக்கீங்களாக்கான்னு கேட்டுப்போட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். 

இந்தாங்க சாவி, நீங்களே தெறந்து எடுத்துக்கோங்க.  என்ற பெருவிரல் வேணும்னாச் சொல்லுங்க, வந்து வெக்கறேன். மூணு தடவை அப்பறம்னு அமுக்கினது வேலாத்தான்னு உள்ளது உள்ளபடி எழுதிருங்க. கீதாஞ்சலி அனுப்பிச்சதும் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதிருங்க. மேனேஜர் சித்த மாத்தி எழுதச் சொல்லுவாரு, கேக்காதீங்க. நான் நாளைக்கு ஸ்டேசனுக்குப் போறேன். என்ன ஆனாலும் ஆவுது. வேலை போனா ஊர்ல எரும மேய்க்கறேன்.

இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. அது டேப்புல இல்ல, நான் சொன்னாத்தான் உண்டு.

பையோட வந்து அந்தப் புள்ள கேட்டுல நின்னுச்சில்ல. அவுட்பாஸுக்குப் பெருவிரல் வெக்கோணும். முனீஸு பக்கத்துலயே நிக்கறான், பைய அவன் வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டான். அவ விரல வெக்காம என்னையவே பாத்துட்டு நிக்கறா. அப்பறம் மெதுவாக் கேட்டா, யக்கா, டேப்புல எங்கண்ணன் பேரு எப்படிக் காட்டுதுக்கான்னு. நான் என்ன நெனச்சேன், அம்மாளுக்கு முடியலேன்னு வெசனத்துல இருக்குது, எங்க உடாமப் போயிருவாங்களோன்னு பயந்து கேக்குதுன்னு நெனச்சேன். பச்சைதான் கண்ணு காட்டுதுன்னேன். இல்லக்கா, நல்லாப் பாருங்கன்னா. நல்லாப் பாருங்கக்கான்னு ரெண்டு தடவை சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பின்னால கூட்டம் நிக்குது. டேப்பத் திருப்பி அவ மூஞ்சிக்கு நேராப் புடிச்சு, இதா பாத்துக்கோ, உங்கண்ணன் போட்டோ, பச்சை, போதுமா, பயப்படாமப் போயிட்டு வான்னேன்.

பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னா. அப்பறம் சரிக்கான்னு சொல்லிப்போட்டு விரல வெச்சா, நான் கதவத் தெறந்து உட்டனுங்க.